நொடிக்கு இரண்டு மீட்டர்: ஒரு மலைக் கணவாய் மிதிவண்டிப் பயணத்தின் ஆயத்தம் குறித்த நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர் 47 வயதுடையவர். 75 கிலோ எடை. பல ஆண்டுகளாகச் சமவெளியில் நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டியவர். ஒரே நாளில் 200 கிலோமீட்டர் முடித்த அனுபவமும் அவருக்கு உண்டு. ஜெனீவா ஏரியின் தென்கரையில் உள்ள தோனோனிலிருந்து மத்தியதரைக் கடற்கரையில் உள்ள நீஸ் வரை, பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலைகளைக் குறுக்கே கடந்து செல்லும் சாலையில் சுமையுடன் பயணம் செய்ய அவர் முடிவு செய்தபோது, வண்டியை ஆயத்தப்படுத்துவதும் நாள்வாரித் திட்டத்தைச் சரிபார்ப்பதும் என் பொறுப்பாயின. பதினாறு வாரங்கள் நீண்ட அந்த ஆயத்தத்தில் எது பயன்பட்டது, எது வீணானது, எதை நானே தவறாகச் செய்தேன் என்பதை இங்குப் பதிவு செய்கிறேன். அவர் பெயரைக் குறிப்பிடவில்லை.

பாதையின் தன்மை

ஏறத்தாழ 720 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதையில் பதினாறு, பதினேழு கணவாய்கள் உள்ளன. கோர்மே தெ ரோஸ்லாந் 1,968 மீட்டர், இசெரான் 2,764 மீட்டர், கலிபியே 2,642 மீட்டர், இசோவார் 2,360 மீட்டர், வார் 2,108 மீட்டர், கயோல் 2,326 மீட்டர் எனப் பெரியவை வடக்கிலிருந்து தெற்காக வரிசையாக நிற்கின்றன. ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் 17,000 மீட்டர் அளவுக்கு வருகிறது. பாதையை விவரிக்கும்போது அனைவரும் முதலில் 720 என்ற எண்ணைச் சொல்கிறார்கள். ஆயத்தத்திற்கு உதவும் எண் 17,000 தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வரை இந்தப் பயணத்தின் கடினம் புலப்படுவதில்லை.

உயரமான கணவாய்கள் பனியால் மூடப்பட்டுப் பொதுவாக ஜூன் மாதத்தில்தான் திறக்கின்றன. இலையுதிர் காலத்தில் மீண்டும் மூடப்படுகின்றன. ஆகவே பயணத்தை ஜூலைத் தொடக்கத்தில் வைத்துக்கொண்டோம். இதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழவில்லை. மற்ற எல்லாவற்றிலும் எழுந்தது.

முதல் திட்டம்

அவர் கொண்டுவந்த திட்டம் எளிமையானது. நாளொன்றுக்கு 90 கிலோமீட்டர். எட்டு நாளில் பயணம் முடியும். வண்டி அவர் அன்றாடம் ஓட்டும் சாலை வண்டி: முன்னே 50, 34 பற்கள் கொண்ட இரண்டு பற்சக்கரங்கள், பின்னே 11 முதல் 28 பற்கள் வரை பத்து, ரிம் (சக்கரத்தின் விளிம்பு வளையம்) மீது அழுத்தும் ரிம் பிரேக், 28 மில்லிமீட்டர் டயர். பின்புறத் தாங்கியின் இருபக்கமும் பைகள், ஹேண்டில்பாரில் ஒரு பை, கூடாரம், அடுப்பு எல்லாம் சேர்த்து 18 கிலோ. வண்டியும் தாங்கியும் 14 கிலோ. ஆளையும் சேர்த்தால் 107 கிலோ மேலே ஏற வேண்டும்.

பயிற்சித் திட்டம் ஒழுங்காகவே இருந்தது. வாரத்திற்கு நான்கு நாள், அதில் ஒன்று நீண்ட ஓட்டம், மூன்று வாரத்திற்கு ஒரு முறை இளைப்பாறல். அதை நான் அதிகம் மாற்றவில்லை. அடுத்தடுத்த இரண்டு நாளும் நீண்ட நேரம் ஓட்டுவதை மட்டும் சேர்த்தேன். ஏனெனில் மலைப்பயணத்தில் உடலுக்கு வரும் சோதனை முதல் நாளில் வருவதில்லை, களைத்த காலோடு மறுநாள் காலையில் மீண்டும் ஏறி உட்காரும்போதுதான் வருகிறது.

கியர் விகிதம் குறித்து நான் கேட்டபோது, 34-க்கு 28 போதும், அதற்கும் கீழே போவது தோற்றதற்குச் சமம் என்றார். இந்த மனப்பாங்கு புதிதன்று. டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை நிறுவிய ஆன்றி தெகிரான்ஜ், மாறும் கியர் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கே உரியது என்று எழுதியவர். செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும் டீரெய்லர் என்ற கருவிக்கு அவருடைய பந்தயத்தில் 1937 வரை இடமில்லை. அவருக்கான நினைவுச் சின்னம் கலிபியே கணவாயின் தென்புறச் சரிவில் நிற்கிறது. தெகிரான்ஜின் விதிப்படியே பார்த்தாலும் தங்களுக்குத் தகுதி வந்து இரண்டாண்டு ஆகிறது என்று நான் சொன்னதை அவர் ரசிக்கவில்லை.

சோதனை ஓட்டம்

ஏழாவது வாரத்தில், முழுச் சுமையுடன் இரண்டு நாள் சோதனை ஓட்டத்திற்கு ஏற்பாடு செய்தோம். ஒன்பது கிலோமீட்டர் நீளமும் சராசரி 7 விழுக்காடு சரிவும் உள்ள ஒரு மலைச்சாலையை, முதல் நாள் மூன்று முறையும் மறுநாள் இரண்டு முறையும் ஏறுவது நோக்கம். சமவெளியில் நாளெல்லாம் களைப்பறியாதவர் முதல் ஏற்றத்தை மகிழ்ச்சியுடன் முடித்தார். இரண்டாவதில் பேச்சு நின்றது. மூன்றாவதில் ஒவ்வொரு மிதிக்கும் உடல் இருபுறமும் சாய்வதைப் பின்னாலிருந்து கவனித்தேன். மறுநாள் முதல் ஏற்றத்தின் பாதியில், வலது முழங்காலின் முன்பக்கம், முழங்கால் சில்லுக்குப் பின்னால் வலி தொடங்கி, இறங்கி நடந்தபோதும் நீடித்தது. சோதனையை அத்துடன் நிறுத்தினோம்.

அவரது முதல் விளக்கம் பயிற்சி போதவில்லை என்பது. அப்படி நினைப்பது இயல்பு. ஆனால் அந்த முடிவை நம்பிக் கூடுதலாகப் பயிற்சி செய்திருந்தால் அதே முழங்காலை அதே விசையில் மேலும் பல ஆயிரம் முறை அழுத்தியிருப்பார். வீட்டில் நிலையாகப் பொருத்திய பயிற்சிக் கருவியில் அளந்தபோது, ஒரு மணி நேரம் அவரால் 210 வாட் வரை தர முடிந்தது; நாள்தோறும் பல மணி நேரம் தாங்கக்கூடியது 150 வாட் என்று கொண்டோம். அவருடைய வயதுக்கு அது நல்ல எண்ணே. குறை உடலில் இல்லை என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

மெதுவாகப் போவதன் கணக்கு

செங்குத்தான சாலையில் மெதுவாக ஏறும்போது காற்றின் தடை ஏறக்குறைய இல்லாமல் போகிறது. புவியீர்ப்பும் டயரின் உருள்தடையும் மட்டுமே எஞ்சுகின்றன. 107 கிலோவை 7 விழுக்காடு சரிவில் நகர்த்த ஏறத்தாழ 80 நியூட்டன் விசை வேண்டும். சக்கரத்தைச் சேரும் 150 வாட்டை அதனால் வகுத்தால் வேகம் நொடிக்கு 1.88 மீட்டர், அதாவது மணிக்கு 6.8 கிலோமீட்டர். எவ்வளவு மன உறுதி இருந்தாலும் இந்த எண் மாறாது. அவர் செய்யக்கூடியதெல்லாம் அந்த வேகத்தில் எப்படி மிதிப்பது என்பதை மட்டும் தேர்ந்தெடுப்பதுதான்.

34-க்கு 28 விகிதத்தில் ஒரு முழு மிதிச்சுற்றுக்கு வண்டி 2.6 மீட்டர் நகர்கிறது. ஆகவே 6.8 கிலோமீட்டர் வேகத்திற்கு நிமிடத்தில் 43 சுற்று. சமவெளியில் அவர் பழகியது 85. அதே ஆற்றலைப் பாதிச் சுற்றில் தருவதென்றால் ஒவ்வொரு சுற்றிலும் இரு மடங்கு விசையை அழுத்த வேண்டும். அந்த விசை முழங்கால் வழியாகத்தான் போகிறது. சரிவு 10 விழுக்காடாகும் துண்டுகளில் அது நிமிடத்திற்கு 31 சுற்றாகக் குறைகிறது. அந்நிலையில் ஓட்டுபவர் எழுந்து நின்று தள்ளுகிறார், அல்லது இறங்கிவிடுகிறார்.

இருக்கையும் தாழ்வாக இருந்தது. பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் மடிப்பு 25 முதல் 30 பாகைக்குள் இருப்பது நல்லது. அவருக்கு 40-ஐ நெருங்கியது. சுமையேற்றிய வண்டியில் நிற்கும்போது கால் எளிதாகத் தரையைத் தொட வேண்டும் என்று அவரே இருக்கையைத் தாழ்த்தியிருந்தார். 18 மில்லிமீட்டர் உயர்த்தினோம். இருக்கைத் தாழ்வு, பெரிய கியர், சுமை ஆகிய மூன்றும் சேர்ந்துதான் வலியைக் கொண்டுவந்தன என்பது என் முடிவு. எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது, மூன்றையும் ஒருசேர மாற்றிவிட்டோம்.

கியர் மாற்றம்

வேண்டியது, 6.8 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்திற்கு 70 சுற்றுக்கு மேல் மிதிக்கக்கூடிய கியர். முன்னே 26, பின்னே 36 என்றால் ஒரு சுற்றுக்கு 1.56 மீட்டர், அதே வேகத்தில் 73 சுற்று. ஒவ்வொரு மிதிக்கும் வேண்டிய விசை ஐந்தில் இரண்டு பங்கு குறைகிறது.

இதைப் பொருத்துவது பட்டியலில் எழுதுவதைப் போல எளிதாக இல்லை. சாலை வண்டியின் டீரெய்லர் 36 பற்களைத் தாங்காது. நீண்ட கூண்டு கொண்ட மலை வண்டி டீரெய்லர் தேவை. ஆனால் கியர் மாற்றும் கைப்பிடியான ஷிஃப்டர் ஒரு சொடுக்கிற்கு எவ்வளவு கம்பியை இழுக்கிறது, அந்த இழுப்புக்கு டீரெய்லர் எவ்வளவு நகர்கிறது என்பவை பொருந்தாவிட்டால் கியர்கள் தாறுமாறாக விழும். ஷிமானோவின் 10 கியர் சாலை ஷிஃப்டருடன் (டியாக்ரா 4700 வரிசை மட்டும் விதிவிலக்கு) அதே நிறுவனத்தின் 9 கியர் மலை டீரெய்லர் ஒழுங்காக இயங்கும். பெயரளவில் பொருத்தமாகத் தோன்றும் 10 கியர் மலை டீரெய்லர் இயங்காது. பழைய சுற்றுலா வண்டிகளைப் பராமரிப்பவர்கள் இதை நன்கறிவார்கள். முன்புறம், மூன்று பற்சக்கரம் ஏற்கும் கிராங்கின் வெளிச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, 40, 26 என்ற இரண்டை மட்டும் வைத்தோம். முன் டீரெய்லரைக் கீழே இறக்கி, செயினை நீட்டிப் புதிதாகப் போட்டோம்.

பெரிய கியர் போய்விட்டதே என்று அவர் வருந்தியதற்கும் கணக்கு இருந்தது. 40-க்கு 11 விகிதத்தில் நிமிடத்திற்கு 90 சுற்று மிதித்தால் வேகம் 42 கிலோமீட்டர். சுமையுடன் அதற்கு மேல் மிதித்துப் போக வேண்டிய சாலை இந்தப் பாதையில் இல்லை. இறக்கத்தில் மிதிக்கவே வேண்டியதில்லை.

மாற்றத்திற்குப் பின் பதினோராவது வாரத்தில் அதே மலைச்சாலையில், அதே இரண்டு நாள், அதே ஐந்து ஏற்றம். நேரம் ஏறக்குறைய முன்பு போலவே இருந்தது. வலி வரவில்லை. ஐந்தாவது ஏற்றத்திலும் அவர் பேசிக்கொண்டே வந்தார். கியர் குறித்த விவாதம் அந்தப் பேச்சில் இடம்பெறவில்லை.

சுமை

மலைப்பயண ஆயத்தம் என்றதும் பெரும்பாலானோர் முதலில் கைவைப்பது எடையில்தான். நான் அதை இரண்டாவதாகவே கொள்கிறேன். 18 கிலோவைப் பத்தாகக் குறைத்தோம். மொத்தம் 107-லிருந்து 99 ஆனது. அதே 150 வாட்டில் வேகம் 6.8-லிருந்து 7.3 கிலோமீட்டர். கலிபியேயின் வடபுறத்து ஊரான சேன்-மிஷேலிலிருந்து தெலெக்ராஃப் கணவாய் ஏறி, சற்று இறங்கி, மீண்டும் கலிபியே உச்சி வரை மொத்த ஏற்றம் ஏறத்தாழ 2,100 மீட்டர். பழைய சுமையில் அதற்கு நான்கு மணி 25 நிமிடம், புதிய சுமையில் நான்கு மணி ஐந்து நிமிடம். இருபது நிமிட ஆதாயம் சிறிதன்று. ஆனால் எட்டு கிலோவை மட்டும் குறைத்துக் கியரை அப்படியே விட்டிருந்தால், 43 சுற்று 46 ஆகியிருக்கும். முழங்கால் அந்த வேறுபாட்டை உணர்ந்திருக்காது.

அடுப்பும் பாத்திரமும் முதலில் போயின. வழியெங்கும் ஊர்கள் உள்ள பாதையில் அவை பழக்கத்தின் பேரிலேயே பயணம் செய்கின்றன. கூடாரம் பற்றி நீண்ட நேரம் விவாதித்து, இரவு தங்கும் விடுதிகளை முன்பதிவு செய்வதென முடிவானது. கருவிகளில் எதையும் குறைக்கவில்லை: ட்யூப் இரண்டு, ஒட்டுத்துண்டு, செயின் இணைப்பி, பின்சக்கர வலப்பக்க அளவில் ஸ்போக் மூன்று, டீரெய்லர் தொங்கும் துண்டு ஒன்று, பிரேக் கட்டைகள் இரண்டு இணை, கம்பிகள். 1913 டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் எழேன் கிறிஸ்தோஃப் என்ற வீரர், பிரெனே மலையின் தூர்மலே கணவாயின் இறக்கத்தில் முன் ஃபோர்க் உடைந்து, வண்டியைத் தூக்கிக்கொண்டு சேன்-மரி-தெ-காம்பான் ஊர் வரை நடந்து, கொல்லன் பட்டறையில் தாமே அதைச் சரிசெய்தார். ஒரு சிறுவன் துருத்தி ஊதி உதவியதற்காக அவருக்குத் தண்டனை நேரமும் கிடைத்தது. இன்று ஃபோர்க் உடைவது அரிது. டீரெய்லர் தொங்கும் துண்டு வளைவது அரிதன்று. விரலளவு அலுமினியத் துண்டான அது வண்டிக்கு வண்டி வடிவம் மாறுவதால் எந்தப் பட்டறையிலும் உடனே கிடைக்கும் என்று நம்ப முடியாது.

இறக்கம்

ஏற்றத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்களில் பலர் இறக்கத்தைப் பரிசாக எண்ணுகிறார்கள். ஆயிரம் மீட்டர் இறங்கும் 107 கிலோ, 10 இலட்சம் ஜூலுக்குச் சற்று மேலான ஆற்றலை எங்காவது விட்டாக வேண்டும். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். ஒரு பகுதியைக் காற்று எடுத்துக்கொள்கிறது, மீதி பிரேக்குக்கு. ரிம் பிரேக்கில் அந்த வெப்பம் ரிம்மில் ஏறி, ட்யூபின் அழுத்தத்தைக் கூட்டி, பழைய ஒட்டுகளை இளக்கிவிடும்.

அச்சமுள்ளவர்கள் இரு பிரேக்கையும் இலேசாகப் பிடித்தபடியே இறங்குவதுதான் பாதுகாப்பு என்று எண்ணுகிறார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கேற்பக் கூடுவதால், 7 விழுக்காடு சரிவில் இந்த எடையுடன் மணிக்கு 30 கிலோமீட்டர் அளவில் பிடித்துக்கொண்டே போகும்போதுதான் பிரேக்குக்குச் செல்லும் வெப்பம் உச்சத்தை அடைகிறது; ஏறத்தாழ 390 வாட். இன்னும் மெதுவாகப் போனாலும் குறையும், வேகமாகப் போனாலும் குறையும். ஆகவே நேரான துண்டில் நிமிர்ந்து உட்கார்ந்து மார்பால் காற்றைத் தடுத்து விட்டுவிடுவதும், வளைவுக்கு முன் இரண்டையும் அழுத்திப் பிடித்து வேகத்தை வெட்டுவதும், வளைவில் விடுவதும் என்ற முறையை நான்கு வாரம் பழகினார். டயரை 32 மில்லிமீட்டராக்கினோம்.

உணவும் குளிரும்

சக்கரத்தில் 150 வாட் ஆறு மணி நேரம் என்றால் உடல் செலவிடுவது மூவாயிரம் கிலோகலோரிக்கு மேல். தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் இரண்டாயிரத்தைத் தாண்டாது. எனவே மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தை முதல் மணி நேரத்திலிருந்தே உண்ணப் பழகினார். பசிக்கும் முன் உண்க, தாகத்திற்கு முன் பருகுக என்று நூறாண்டுக்கு முன்பே பயணிகளுக்கு விதி வகுத்தவர் வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய பால் தெ விவி. பல கியர் வேண்டும் என்று தெகிரான்ஜ் காலத்திலேயே வாதாடியவரும் அவரே.

ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 6.5 பாகை வெப்பம் குறைகிறது. பள்ளத்தாக்கில் 24 பாகை என்றால் இரண்டாயிரம் மீட்டர் மேலே 11. வியர்த்த உடலோடு அங்கிருந்து 45 கிலோமீட்டர் வேகத்தில் இறங்க வேண்டும். இதைத் தாளில் எழுதினேன். அதற்குரிய துணியையும் எழுதினேன். பிறகு என்ன செய்தேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

நாள்வாரித் திட்டம்

எட்டு நாள் திட்டத்தில் நாளுக்கு 2,125 மீட்டர் ஏற்றம். அதற்கே நான்கரை மணி நேரம். மீதித் தூரத்தையும் நிறுத்தங்களையும் சேர்த்தால் ஒன்பது, பத்து மணி நேரம், அதுவும் எட்டு நாள் தொடர்ந்து. இதைப் பத்து ஓட்ட நாளும் ஒரு ஒதுக்க நாளுமாக மாற்றினோம். கிலோமீட்டரைப் பார்க்காமல் ஏற்ற மீட்டரைப் பார்த்து நாளைப் பிரித்ததால், ஒரு நாள் 50 கிலோமீட்டரும் மற்றொரு நாள் 95 கிலோமீட்டரும் வந்தன. பெரிய கணவாய்களைக் காலையில் கடக்குமாறு தங்குமிடங்களை அமைத்தோம், ஏனெனில் கோடையில் மலைமேல் இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் வருகின்றன.

பயணத்தில் நடந்தது

பத்து ஓட்ட நாளில் நீஸை அடைந்தார். ஒதுக்க நாள் வழியில் உள்ள பிரியான்சோன் ஊரில் செலவானது. முழங்கால் ஒரு நாளும் தொல்லை தரவில்லை. கலிபியே ஏற்றத்திற்கு நான் சொன்னது நான்கு மணி ஐந்து நிமிடம். அவருக்கு ஆனது நான்கு மணி நாற்பது. உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைவிட நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. அதே 150 வாட்டை அங்கும் எதிர்பார்த்தது என் கணக்கின் பிழை. அவர் மூச்சு சொன்னபடி சுற்றைக் குறைக்காமல் விசையைக் குறைத்தார், அதற்குக் கியர் இருந்தது. பிரேக் கட்டை ஓர் இணை தேய்ந்து ஏழாம் நாள் மாற்றப்பட்டது. ஸ்போக் உடையவில்லை.

நான் செய்த பெரிய தவறு இசெரானில் வெளிப்பட்டது. எடைப் பட்டியலை இறுதி செய்த இரவில், முழுவிரல் கையுறையின் 90 கிராமை நான்தான் அடித்துவிட்டிருந்தேன். விரல் வெட்டிய கையுறை ஜூலைக்குப் போதும் என்பது என் வாதம். உச்சியில் ஆலங்கட்டி கலந்த மழை பிடித்துக்கொண்டது. போன்வால் ஊரை நோக்கிய இறக்கத்தின் மூன்றாவது கிலோமீட்டரிலேயே விரல்கள் மரத்து, பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறார் என்பதே அவருக்குத் தெரியாமல் போயிற்று. நான்கு வாரம் பழகிய இறக்க முறைக்கு உணர்வுள்ள விரல் வேண்டும் என்பதை நாங்கள் இருவரும் யோசித்திருக்கவில்லை. வண்டியிலிருந்து இறங்கி, உருட்டிக்கொண்டு நடந்து, இடையிடையே விரல்களை அக்குளில் வைத்துச் சூடாக்கி, வெகு நேரம் கழித்து ஊருக்குள் போய்ச் சேர்ந்தார். தங்கிய விடுதியின் அம்மையார் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை ஒரு சோடி கொடுத்தார். கலிபியே, இசோவார், வார், கயோல் ஆகிய நான்கின் இறக்கத்தையும் அந்த மஞ்சள் கையுறையோடுதான் அவர் முடித்தார்; திரும்பி வந்ததும் அதை என் மேசைத் தராசில் வைத்துக் காட்டினார். 64 கிராம் இருந்தது.